கிளெய்டியன், 1014: 14,000 பேரின் கண்கள் உண்மையிலேயே பறிக்கப்பட்டனவா?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜனவரி 6

1014இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பாசில் 14,000 பல்கேரியக் கைதிகளைக் குருடாக்கினாராம். நூறு பேருக்கு ஒருவனை மட்டும் ஒற்றைக் கண்ணோடு விட்டு, மற்றவர்களை அவன் பின்னால் ஊருக்கு அனுப்பி வைத்தாராம். எங்கு பார்த்தாலும் இதையே எழுதி வைத்திருக்கிறார்கள். படை முகாமில் உட்கார்ந்துகொண்டு இத்தனை பேருக்கு இதைச் செய்து முடிக்க எத்தனை நாள் ஆகும்? நடக்கவே முடியாத காரியம். வடிகட்டிய பொய் என்கிறேன். மறுப்பவர் உண்டா?

ஜனவரி 6, இரவு

பாதி மறுக்கிறேன்.

நேரம் போதாது என்ற வாதம் நிற்காது. இருநூறு வீரர்களை இந்த வேலைக்கு விட்டால் ஆளுக்கு எழுபது கைதிகள். ஒருவனுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கணக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆனால் கணக்கு அதுதான். பிடித்துக்கொள்ளவும் கட்டவும் இன்னும் ஆள் வேண்டும் என்பீர்கள். வென்ற படைக்கு ஆளுக்கா பஞ்சம்?

எனக்கு உறுத்துவது அடுத்த பாதி. கண்ணைப் பறித்ததை நம்புகிறேன். அவர்கள் நடந்து போனதைத்தான் நம்ப முடியவில்லை. ஏன் என்று நாளை எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

ஜனவரி 7

அதற்குள் இரண்டு பேர் "முதலில் போரைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டார்கள். சரி.

இடம்: கிளெய்டியன் கணவாய், அதாவது பெலாசிட்சா மலைக்கும் ஒக்ராஷ்டென் மலைக்கும் நடுவே ஸ்ட்ருமேஷ்னிட்சா ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. இன்றைய பல்கேரியாவின் தென்மேற்கு மூலை, கிளூச் கிராமத்தின் அருகே. பாசில் ஆண்டுதோறும் படையெடுத்து வந்துகொண்டிருந்தார். எந்த வழியாக வருவார் என்பது பல்கேரிய மன்னர் சாமுவேலுக்குத் தெரியும். அதனால் கணவாயின் குறுக்கே பள்ளம் தோண்டி, மண்கரை எழுப்பி, மரவேலி அடித்து, பின்னால் படையை நிறுத்திவிட்டார். பாசில் வந்து மோதினார். மேலிருந்து அடி விழுந்தது. திரும்பத் திரும்ப மோதியும் வேலி அசையவில்லை.

அதே சமயம் சாமுவேல் இன்னொரு படையை நெஸ்டோரிட்சா என்ற தளபதியின் கீழ் தெசலோனிக்கி நகரத்தின் மேல் ஏவியிருந்தார். பாசிலின் கவனத்தைத் திருப்பத்தான். அது பலிக்கவில்லை. அந்நகரின் ஆளுநர் தெயோபிலாக்ட் பொட்டானியாட்டிஸ் அந்தப் படையை முறியடித்துவிட்டு, நேரே கிளெய்டியனுக்கு வந்து பாசிலோடு சேர்ந்துகொண்டார். இந்த மனிதரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

பாசில் திரும்பிப் போய்விடலாம் என்ற நிலைக்கு வந்தபோது, நிகெபோரோஸ் க்சிபியாஸ் என்ற தளபதி ஒரு யோசனை சொன்னார். "நீங்கள் இங்கேயே முட்டிக்கொண்டிருங்கள், நான் மலையைச் சுற்றி அவர்கள் முதுகுப்பக்கம் போகிறேன்." பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லாத காட்டுச் சரிவில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பெலாசிட்சாவைச் சுற்றினார். ஜூலை 29 அன்று பல்கேரியர்களின் முதுகுக்குப் பின்னால் மேட்டிலிருந்து கூச்சல் கேட்டது. வேலியைக் காத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவல் கலைந்ததும் பாசிலின் ஆட்கள் முன்பக்கம் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். அத்தோடு சரி.

சாமுவேலும் சிக்கியிருப்பார். மகன் கவ்ரில் ரதோமிர் குறுக்கே நின்று சண்டையிட்டு, தந்தையைக் குதிரையில் ஏற்றி ப்ரிலெப் கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

ஜனவரி 7, மாலை

ஒருவர் கேட்கிறார்: "சாமுவேலுக்கு மலையைச் சுற்றி வர வழி இருப்பது தெரியாதா? அவர் ஊர்தானே?"

தெரியாமல் இருக்காது. ஆனால் எல்லா ஆட்டுப்பாதைக்கும் காவல் போட ஆள் வேண்டும். அவரோ ஒரு படையைத் தெசலோனிக்கிக்கு அனுப்பிவிட்டார். என் பார்வையில் போர் தோற்றது அங்கேதான். எல்லோரும் க்சிபியாஸைப் பாராட்டுகிறார்கள், நெஸ்டோரிட்சாவை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஜனவரி 9

இப்போது நடைக்கு வருகிறேன். நான் மதுரைப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் அறுவை அரங்கு உதவியாளனாக இருந்தவன். இலவச முகாம்களில் கிராமத்துப் பெரியவர்களை பஸ்ஸில் கூட்டி வருவோம். கண்புரை அறுவை முடிந்ததும் அரங்கிலிருந்து வார்டுக்கு வரிசையாக அழைத்துப் போவோம். பலருக்கு ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் முற்றிய புரை. ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவரின் தோளில் கை வைத்துக்கொள்வார்கள், முதல் ஆளின் கையை நாங்கள் பிடித்துக்கொள்வோம். ஒரு வரிசைக்குப் பத்து, பதினைந்து பேர்.

அந்த வரிசை எப்படி நகரும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். வார்டு வாசலில் ஒரு சிறிய நிலைப்படி. "படி இருக்கிறது, காலைத் தூக்குங்கள்" என்று முதல் ஆளிடம் சொல்வோம். அவர் நின்று, காலால் தடவிப் பார்த்து, ஏறுவார். அதற்குள் பின்னால் வருபவர் அவர் முதுகில் முட்டியிருப்பார். மூன்றாவது ஆள் தோளை விட்டுவிட்டுச் சுவரைத் தேடுவார். ஐந்தாவது ஆளுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது, நிற்கிறோமா நடக்கிறோமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எல்லோரும் படியைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சமதளம், மின்விளக்கு, வலி இல்லை, கூப்பிட்டால் ஓடி வர செவிலியர்கள், பின்னால் தாங்க ஆள். அத்தனையும் இருந்தே இந்தப் பாடு.

இப்போது ஒரு வரிசைக்கு நூறு பேர் என்று வையுங்கள். கண் இருந்த இடத்தில் பச்சைப் புண். ஆகஸ்ட் மாத வெயில். கிளூச்சிலிருந்து ப்ரிலெப்புக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டாலே 120 கிலோமீட்டருக்குக் குறையாது. இடையில் மலை. வர்தார் ஆற்றையும் கடந்தாக வேண்டும். வழிகாட்டுபவனும் அப்போதுதான் ஒரு கண்ணை இழந்தவன். ஒற்றைக் கண் பார்வைக்குப் பழகாதவனுக்குத் தூரமும் ஆழமும் பிடிபடாது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே ஊற்றுவான், படி இறங்கினால் தடுமாறுவான். பழக மாதக்கணக்கில் ஆகும். அவன் ஆற்றுத் துறையில் தொண்ணூற்றொன்பது பேரை இறக்கிக் கரையேற்ற வேண்டும்.

யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த கதை போல இருக்கிறது இது. நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு காதில் விழுந்தால் மறக்காது. வழியில் நடந்தால் நிற்காது.

ஜனவரி 10

"அப்படியென்றால் எல்லாமே கதை என்று ஒப்புக்கொள்ளுங்கள்" என்கிறார் கேள்வி கேட்டவர். அவசரப்படாதீர்கள் ஐயா.

நமக்கு இதைச் சொல்பவர்கள் முக்கியமாக இரண்டு பேர், இருவரும் பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதியவர்கள். ஸ்கிலிட்சேஸ் 15,000 என்கிறார். சும்மா சொல்லவில்லை, "என்று சொல்கிறார்கள்" என்ற ஒட்டோடு சொல்கிறார். அதாவது கேள்விப்பட்டதை எழுதுகிறேன், எண்ணுக்கு நான் பொறுப்பில்லை என்று அவரே கை கழுவிக்கொள்கிறார். கெகாவ்மேனோஸ் 14,000 என்கிறார். இவருடைய தாய்வழி முன்னோர் ஒருவர் சாமுவேலின் பக்கம் நின்று போரிட்டவர், ஆகவே பல்கேரியர் பக்கத்து வீட்டுப் பேச்சும் இவர் காதுக்கு எட்டியிருக்கலாம். எண் இருவரிடமும் ஒன்றில்லை, நிகழ்ச்சி இருவரிடமும் உண்டு.

எண்ணுக்கு எதிரான உருப்படியான வாதம் வேறு இருக்கிறது. அதை ஏன் யாரும் சொல்லவில்லை? போர் நடந்த கொஞ்ச நாளிலேயே, ஸ்ட்ருமிட்சா வழியில் மரத்தடைகளை அகற்றிப் பாதை திறக்கப் போன பொட்டானியாட்டிஸை கவ்ரில் ரதோமிர் குறுகிய இடத்தில் மடக்கிக் கொன்றான். ஆளே இல்லாதவன் செய்கிற வேலையா இது? அதன் பிறகும் போர் நான்கு ஆண்டு ஓடியது. 1018 பிப்ரவரியில் டிராக்கியம் கோட்டை வாசலில் கடைசி மன்னர் இவான் விளாதிஸ்லாவ் கொல்லப்பட்ட பிறகுதான் பாசிலால் ஒக்ரிட் நகரை நிரந்தரமாகப் பிடிக்க முடிந்தது. பதினான்காயிரம் வீரர்களை ஒரே நாளில் இழந்த ஒரு மலைநாடு நான்கு ஆண்டு தாக்குப்பிடித்தது என்றால் எண் பெருத்துவிட்டது என்றுதான் பொருள். ஆயிரக்கணக்கில் இருந்திருக்கலாம். பதினான்காயிரம் இல்லை.

ஜனவரி 10, சிறிது நேரம் கழித்து

பொட்டானியாட்டிஸின் சாவுக்குப் பழிவாங்கத்தான் கண் பறிப்பு நடந்தது என்று சில ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ஸ்கிலிட்சேஸின் வரிசைப்படி பார்த்தால் கண் பறிப்பு போரை ஒட்டியே வருகிறது. பழிவாங்கல் என்றால் கதை நன்றாக இருக்கும், அதற்காக வரிசையை மாற்ற எனக்கு மனமில்லை.

ஜனவரி 12

கல்வெட்டு ஏதும் இல்லையா என்று ஒருவர். நம் ஆட்களுக்கு உடனே கல்வெட்டுதான் நினைவுக்கு வரும், நல்ல பழக்கம்.

இருக்கிறது. பிட்டோலா நகரில் 1956இல் ஒரு பழைய பள்ளிவாசலை இடித்தபோது வாசல்படியாகக் கிடந்த கல்லில் எழுத்து தெரிந்தது. இவான் விளாதிஸ்லாவ் கோட்டையைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல் என்பது பெரும்பாலோர் கருத்து. காலத்தைப் பற்றி மாற்றுக் கருத்தும் உண்டு. பல நூற்றாண்டு மிதிபட்டதில் எழுத்து தேய்ந்து, மேல்பகுதியும் போய்விட்டது. இடைவெளிகளை அறிஞர்கள் ஊகித்து நிரப்பித்தான் படிக்கிறார்கள். அந்த வாசிப்பின்படி சாமுவேல் பாசிலை வென்றதும், பின்பு கிளூச்சில் தோற்று இறந்ததும் வருகின்றன. படிக்கக் கிடைத்த வரிகளில் கண் பறிப்பு பற்றி ஒரு சொல் இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா" என்று யாரும் கிளம்ப வேண்டாம். கோட்டை கட்டிய மன்னன் தன் பெருமையைப் பொறிக்கும் கல்லில் தன் நாட்டு வீரர்கள் குருடான கதையை எதற்குப் பொறிப்பான்? மௌனம் இங்கே எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

ஜனவரி 13

கொஞ்சம் வழிமாறுகிறேன். 2015இல் சோபியா நகரின் நடுவே சாமுவேலுக்குச் சிலை வைத்தார்கள். வைத்தவர்கள் சும்மா இருக்காமல் கண்ணுக்குள் விளக்கும் வைத்துவிட்டார்கள். இரவானால் மன்னரின் கண்கள் பளபளவென்று எரிந்தன. ஊரே சிரித்தது. உலகத்தில் எத்தனையோ மன்னர்கள் இருக்க, கண்ணில் பல்பு மாட்ட இவர்தானா கிடைத்தார்?

அதற்கு முன்பே, 2011இல், வடக்கு மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யேயில் இதே சாமுவேலுக்கு ஒரு சிலை எழுந்துவிட்டது. அவர் எங்கள் மன்னர் என்கிறார்கள் அங்கே. இல்லை, எங்களவர் என்கிறார்கள் பல்கேரியர்கள். எலும்போ கிரேக்கத்தில் இருக்கிறது! சிறிய ப்ரெஸ்பா ஏரித் தீவிலிருக்கும் தூய அக்கிலேயோஸ் தேவாலயத்தில் 1960களின் கடைசியில் மௌட்சொபூலோஸ் என்ற கிரேக்கப் பேராசிரியர் தோண்டியெடுத்த ஓர் எலும்புக்கூட்டை சாமுவேலுடையது என்கிறார்கள். முழங்கை ஒடிந்து கோணலாகக் கூடியிருக்கிறது. 997இல் ஸ்பெர்கியோஸ் ஆற்றங்கரைத் தோல்வியில் சாமுவேலும் மகனும் காயம்பட்டு, பிணங்களுக்கு நடுவே படுத்துத் தப்பினார்கள் என்று ஸ்கிலிட்சேஸ் எழுதுவதோடு அதைப் பொருத்திப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது என்பதால் அவர்தான் என்று ஆகிவிடாது. கை ஒடிந்த பிரபுக்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர்.

ஜனவரி 15

நடையைப் பற்றி மறுபடி யோசித்தேன். 9ஆம் தேதி எழுதியதில் ஒரு பகுதியைத் தளர்த்த வேண்டும் என்று தோன்றுகிறது.

போர் ஜூலை 29. சாமுவேல் இறந்தது அக்டோபர் 6. வந்தவர்களைக் கண்டு மயங்கி விழுந்தார், தெளிந்ததும் குளிர்ந்த தண்ணீர் கேட்டார், குடித்ததும் நெஞ்சு பிடித்துக்கொண்டது, இரண்டு நாளில் போய்விட்டார் என்கிறார் ஸ்கிலிட்சேஸ். அப்படியானால் அவர்கள் வந்து சேர்ந்தது அக்டோபர் தொடக்கத்தில். இடையில் பத்து வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மறுநாளே அனுப்பியிருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தாலும் போதும். ப்ரிலெப் இல்லை, ப்ரெஸ்பாவில்தான் பார்த்தார் என்று வைத்துக்கொண்டாலும் நேர்கோட்டுக் கணக்கில் நாளுக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவுதான். இதை முடியாத காரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழி நெடுக பல்கேரியக் கிராமங்கள். கஞ்சி ஊற்ற, கை பிடித்து ஆற்றைக் கடத்திவிட யாராவது வராமலா போவார்கள்? ஒற்றைக் கண்ணன் ஒருவனை நம்பியா நூறு பேரும் போயிருப்பார்கள்?

அனைவரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பதைத்தான் நான் இன்னும் ஏற்கவில்லை. பேரரசர் நான்காம் ரோமானோஸை 1072இல் குருடாக்கினார்கள். பேரரசராக இருந்தவர், ஆனாலும் புண் சீழ்பிடித்து சில வாரங்களில் இறந்தார். சாதாரணச் சிப்பாய்களில் எத்தனை பேர் வழியிலேயே விழுந்திருப்பார்கள்? வந்து சேர்ந்தது சில நூறு பேராக இருந்தாலும் கிழவருக்கு நெஞ்சு அடைக்க அது போதும்.

இன்னொன்று, தொழில்காரனாகச் சொல்கிறேன். ஒரு கண்ணில் ஆழமான காயம் பட்டால், சில வாரம் அல்லது சில மாதம் கழித்து காயமே படாத மறு கண்ணும் அழற்சி கண்டு பார்வை போவதுண்டு. அரிதுதான், ஆனால் உண்டு. லூயி பிரெயில் சிறுவயதில் தந்தையின் தோல் பட்டறையில் ஊசியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டு, பிறகு இரண்டையும் இழந்தது இப்படித்தான் என்பார்கள். 140 வழிகாட்டிகள் உண்மையிலேயே இருந்திருந்தால், அவர்களில் ஒருவனுக்காவது இந்தப் பயம் அடித்திருக்கும். நோய்க்குப் பெயர் தெரியாவிட்டாலும் மங்குவது தெரியும் அல்லவா.

ஜனவரி 16

மேலே ஒருவர்: "கொன்றிருக்கலாமே, ஏன் குருடாக்க வேண்டும்?"

பாசிலின் கண்ணோட்டத்தில் அது அயல்நாட்டுப் படை இல்லை. 971இல் அப்போதைய பைசாந்தியப் பேரரசர் ஜான் சிமிஸ்கெஸ் பல்கேரியத் தலைநகர் ப்ரெஸ்லாவைப் பிடித்து, மன்னர் இரண்டாம் போரிஸைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டுபோய் முடியைக் கழற்ற வைத்தார். அன்றோடு பல்கேரியா பேரரசின் நிலம். மேற்கே சாமுவேலும் சகோதரர்களும் எழுந்தது கான்ஸ்டாண்டிநோபிளின் கணக்கில் கலகம். கலகக்காரனுக்குக் கண்ணைப் பறிப்பது அங்கே வழக்கமான தண்டனை. உயிரை விட்டுவைத்தோமே என்று அதைக் கருணைக் கணக்கிலும் எழுதிக்கொள்வார்கள். தாய் ஐரீன் மகன் ஆறாம் கான்ஸ்டன்டைனின் கண்ணைப் பறித்த அரண்மனை அது (797). ரோமானோஸுக்குக் கண் போனபின் அறிஞர் செல்லோஸ் ஆறுதல் கடிதம் எழுதினார், உயர்ந்த ஒளிக்குக் கடவுள் உங்களைத் தகுதியாக்கினார் என்ற தொனியில். அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் பாசில் மேல்கூட வரவில்லை.

ஆகவே பாசில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஆளுக்குச் செய்ததைக் கூட்டத்துக்குச் செய்தார்.

ஜனவரி 16, மறுபடி

986ஐ விட்டுவிட்டேனே. அந்த ஆகஸ்டில் திராயான் வாயில் என்ற கணவாயில் இளம் பாசிலின் படையைச் சாமுவேல் சின்னாபின்னமாக்கினார். அப்போது பாசிலுக்கு 28 வயது. உடன் போயிருந்த வரலாற்றாசிரியர் லியோ டீக்கனே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பியவர். கிளெய்டியன் அதற்குச் சரியாக 28 ஆண்டு கழித்து. கோபத்தை அவ்வளவு காலம் சூடு ஆறாமல் வைத்திருந்தார் என்பதைவிட, அவ்வளவு காலம் விடாமல் படை நடத்தினார் என்பதுதான் என்னை மலைக்க வைக்கிறது.

ஜனவரி 20

"பல்கேரியரைக் கொன்றவன்" என்ற பட்டம் அவருக்கு வாழும்போதே இருந்ததா என்று கேட்டவருக்கு: இல்லை. பால் ஸ்டீபென்சன் என்ற வரலாற்றாய்வாளர் இதை அலசியிருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில், பல்கேரியர்கள் மறுபடி எழுந்து பேரரசுக்குத் தலைவலி கொடுத்தபோதுதான் அந்தப் பட்டம் பரவலாகிறது. பாசிலின் கல்லறைப் பாடலில் அந்தச் சொல் இல்லை. அவர் வென்றவர்களாகப் பாரசீகர், சிதியர், அரபியர் என்று பட்டியல் போகிறது, பல்கேரியரின் பெயர் கூட இல்லை. தேவைப்படும் காலத்தில் பழைய பேரரசரைத் தூசி தட்டி எடுத்துப் பட்டம் கட்டியிருக்கிறார்கள். பதிலுக்குப் பல்கேரிய மன்னர் கலோயான் தன்னை "ரோமரைக் கொன்றவன்" என்று சொல்லிக்கொண்டதாக வரலாற்றாசிரியர் அக்ரோபொலிட்டேஸ் எழுதுகிறார் (பைசாந்தியர் தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள்). தெருச்சண்டையில் இப்படித்தான் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் ஒன்று சொல்வார்.

ஜனவரி 27

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன், புதிதாக ஒரு கேள்வி: வென்ற பிறகு பாசில் என்ன செய்தார்?

எதிர்பார்க்காததைச் செய்தார். பிரபுக்களுக்குப் பட்டமும் பதவியும். ஒக்ரிட் தேவாலயத்துக்குத் தனி நிர்வாகம், தனிப் பேராயர். வரி சாமுவேல் காலத்தில் இருந்தது போலவே தானியமாகவும் திராட்சை மதுவாகவும் கொடுத்தால் போதும், காசு வேண்டாம். மக்களும் அடங்கியிருந்தார்கள். பாசில் இறந்து பதினைந்து ஆண்டு கழித்து, காசாகக் கட்டு என்று அதிகாரி ஒருவர் பிடிவாதம் பிடிக்கப்போய்த்தான் 1040இல் பெரும் கலகம் வெடித்தது. கண்களைப் பறித்ததற்கு எழாதவர்கள் வரிக்கு எழுந்தார்கள் என்று ஒருவர் கிண்டலாக எழுதியிருக்கிறார். முதல் பாதி தவறு, அதற்காகத்தானே நான்கு ஆண்டு சண்டை போட்டார்கள்.

அந்தக் கலகத்தின் தலைவன் பீட்டர் டெல்யான், தன்னைக் கவ்ரில் ரதோமிரின் மகன் என்று சொல்லிக்கொண்டவன். அவனோடு வந்து சேர்ந்த அலூசியான், இவான் விளாதிஸ்லாவின் மகன். குடும்பக் கதை தெரிந்தவர்களுக்கு இங்கேயே வயிற்றைக் கலக்கும். சாமுவேல் தன் சகோதரன் ஆரோனைக் கொன்றார். ஆரோனின் மகன் இவான் விளாதிஸ்லாவை மட்டும் கவ்ரில் ரதோமிர் கெஞ்சிக் காப்பாற்றினான். காப்பாற்றப்பட்டவன் 1015இல் வேட்டையில் கவ்ரிலைக் கொன்றான். இப்போது அடுத்த தலைமுறை. 1041இல் டெல்யானை விருந்துக்கு அழைத்துக் குடிக்க வைத்து, சமையல் கத்தியால் மூக்கை அறுத்துக் கண்களையும் பறித்தான் அலூசியான். பிறகு பைசாந்தியப் பக்கம் ஓடிவிட்டான்.

ஜனவரி 28

குளோகோட்னிட்சா போர் (1230) பற்றிக் கேட்டவருக்கு. ஆம், அங்கே வென்ற பல்கேரிய மன்னர் இரண்டாம் இவான் அசென் பிடிபட்ட சாதாரண வீரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் தோற்றுச் சிறைப்பட்ட கிரேக்க ஆட்சியாளர் தெயோடோர் கொம்னெனோஸ் பின்னால் சதி செய்ததாகக் கண்ணை இழந்தார். அதே இவான் அசென் பின்பு அவருடைய மகளை மணந்துகொண்டு மாமனாரை விடுதலை செய்தார். அது பெரிய கதை, வேறு இழை தொடங்குங்கள். அங்கே வந்து சண்டை போடுகிறேன்.